டைகர் டாங்கியும் நாற்பத்தெட்டுச் சக்கரமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு என் வகுப்பில் குறைந்தது மூன்று பேர் ஒரு வாரத்துக்கு என்னோடு பேச மாட்டார்கள். பரவாயில்லை, செமஸ்டர் லீவில் எப்படியும் பேசிக்கொள்வதில்லை :-)

பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன லீவில் நான் ஒரு டைகர் டாங்கி கட்டினேன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஓட்டியதே, அந்த டைகர்தான். நிஜ டாங்கியை 35-ல் ஒரு பங்காகச் சுருக்கிய பிளாஸ்டிக் மாடல். தெரியாதவர்களுக்காக: பெட்டியைத் திறந்தால் டாங்கி இருக்காது. பிளாஸ்டிக் சட்டங்களில் கொத்துக் கொத்தாகத் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் கட்டரால் வெட்டி, வெட்டிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, பசை வைத்து ஒட்டி, ப்ரைமர் அடித்து, பெயிண்ட் அடித்து, கடைசியில் நம்பர் ஸ்டிக்கரைத் தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்டி... மூன்று வாரம் ஓடிவிடும். பெட்டி 4,200 ரூபாய். பெயிண்ட், பசை, கட்டர் எல்லாம் சேர்த்து இன்னொரு 2,600. எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு. "இந்தக் காசுக்கு உருப்படியா ஒரு ஷூ வாங்கியிருக்கலாம்" என்றார் அம்மா. இதைத்தான் எங்கள் சார் ஆப்பர்சூனிட்டி காஸ்ட் என்று இரண்டு கிளாஸ் எடுத்தார். அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்.

சரி, மேட்டருக்கு வருவோம். நான் ஏன் டைகர் வாங்கினேன்? எல்லோரும் டைகர் வாங்குவதால். யூடியூப், கம்ப்யூட்டர் கேம், டாக்குமெண்டரி, எங்கே போனாலும் ஒரே பஜனை. "உலகத்துலயே பெஸ்ட் டாங்கி மச்சி. ஜெர்மன் இன்ஜினியரிங்டா. அஞ்சு ஷெர்மன் வந்தாத்தான் ஒரு டைகரை அடிக்க முடியும்." என் நண்பன் ஒருவன் (பெயர் வேண்டாம், அவனுக்கே தெரியும்) இதை வாரம் ஒருமுறை சொல்வான். நானும் இரண்டு வருஷமாக அதையே ஒப்பித்துக்கொண்டிருந்தேன். என் வாயால் நானே சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தப் பதிவு.

டைகர் ஒரு மோசமான பேரம். அதைக் கொண்டாடுவது அதைவிட மோசமான பழக்கம். இரண்டையும் கீழே நிரூபிக்கிறேன்.

தாத்தா கேட்ட கேள்வி

என் தாத்தா ஆவடி டேங்க் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். 1965-ல் அங்கே உருவாக ஆரம்பித்த விஜயந்தா டாங்கிகளில் கை வைத்தவர். நான் சக்கரங்களை ஒட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

டைகரின் சக்கர அமைப்பு ஒரு விசித்திரம். ஒரு பக்கத்துக்கு எட்டு அச்சு. ஆரம்பகால டைகரில் ஒவ்வொரு அச்சிலும் மூன்று சக்கரம். ஆக ஒரு பக்கத்துக்கு 24, இரண்டு பக்கமும் சேர்த்து 48. அதுவும் வரிசையாக இல்லை. ஒன்றின் இடுக்கில் இன்னொன்று நுழைந்து, கோலத்தில் புள்ளி வைத்த மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். பார்க்க அவ்வளவு அழகு. 48 சக்கரத்தின் விளிம்பையும் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கறுப்பு அடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அழகை நான் மறுக்கவில்லை.

தாத்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"உள்ள இருக்கற சக்கரம் போச்சுன்னா எப்படிடா கழட்டுவ?"

"முன்னாடி இருக்கறதையெல்லாம் கழட்டிட்டுத்தான் தாத்தா."

"எத்தனை?"

எண்ணிப் பார்த்தேன். எந்தச் சக்கரம் என்பதைப் பொறுத்து கை விரல் ஒவ்வொன்றாக மடங்கிக்கொண்டே போனது.

"நடுவுல சேறு புகுந்தா?"

"ரஷ்யாவுல சேறு புகுந்து ராத்திரி குளிர்ல உறைஞ்சே போயிடுமாம் தாத்தா."

அவர் சிரிக்கக்கூட இல்லை. "இதை வரைஞ்சவன் ஒரு நாளாவது ஸ்பேனர் புடிச்சிருப்பானா?" என்று கேட்டுவிட்டு நியூஸ் பார்க்கப் போய்விட்டார்.

நியாயமாகச் சொன்னால் அந்த அடுக்குக்கு ஒரு காரணம் இருந்தது. டைகரின் எடை சுமார் 57 டன். அதைப் பரவலாகத் தாங்கினால்தான் மெத்து நிலத்தில் புதையாமல் போக முடியும். ஓட்டமும் குலுங்காமல் இருக்கும். ஆனால் ஒரு பிரச்சினையைத் தீர்க்கப் போய் இன்னும் நான்கை இழுத்துக்கொண்டார்கள். அகலமான 725 மில்லிமீட்டர் சங்கிலிப்பட்டையோடு ரயிலில் ஏற்றினால் பக்கவாட்டில் இடிக்கும். அதனால் ரயில் பயணத்துக்கென்றே 520 மில்லிமீட்டரில் இன்னொரு ஜோடி. ஏற்றுவதற்கு முன் வெளிச் சக்கரங்களைக் கழற்றி, அகலப் பட்டையை எடுத்து, குறுகலானதை மாட்ட வேண்டும். இறங்கியதும் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். சண்டை ஆரம்பிப்பதற்கு முன்பே ஆட்கள் களைத்துவிடுவார்கள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நெட்டில் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தாத்தா அடுத்துக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி கியர் பாக்ஸ் பற்றி என்று தெரிந்தது. டைகரின் கியர் பாக்ஸ் வண்டியின் முன்பக்கம் உள்ளே இருக்கிறது. அதை வெளியே எடுக்க, மேலே இருக்கும் கோபுரத்தையே, பீரங்கியோடு சேர்த்து, கிரேன் வைத்துத் தூக்க வேண்டும். ஷெர்மனுக்கும் கியர் பாக்ஸ் முன்னால்தான். ஆனால் மூக்குப் பகுதி போல்ட் போட்டு மாட்டியது. கழற்றினால் மொத்தமாக முன்னால் வந்துவிடும். சக்கரமும் அப்படித்தான். இரண்டிரண்டு சக்கரம் கொண்ட மூன்று தொகுதி ஒரு பக்கத்துக்கு, வெளியிலிருந்து போல்ட் போட்டது. ஒன்று போனால் அந்தத் தொகுதியையே கழற்றிவிட்டு வேறொன்று மாட்டலாம். ஆவடியில் தாத்தாவிடம் கேட்டுவிட்டுச் செய்த மாதிரி இருக்கிறது.

டைகரின் அரங்கேற்றம் எப்படி நடந்தது தெரியுமா? 1942 ஆகஸ்ட் கடைசியில் லெனின்கிராட் பக்கம், ம்கா என்ற ஊரில் முதல் நான்கு டைகர்களை ரயிலிலிருந்து இறக்கினார்கள். இறங்கிய வேகத்திலேயே கியர் கோளாறு. அடுத்த மாதம் சதுப்பில் போய் மாட்டிக்கொண்டன. ஹீரோ என்ட்ரி!

இப்போது காஸ்ட் ஷீட்

நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஆயுதம் கணக்குதான். எடுக்கிறேன்.

ஒரு டைகரின் விலையாகப் பரவலாகச் சொல்லப்படுவது சுமார் 2,50,000 ஜெர்மன் மார்க். பீரங்கி, ரேடியோ எல்லாம் தனி. அதே கணக்கில் பான்சர் 4 சுமார் 1,03,000. ஸ்டுக் 3 என்ற, கோபுரமே இல்லாத குட்டை வண்டி 82,500. அதாவது ஒரு டைகர் காசுக்கு மூன்று ஸ்டுக் வாங்கிக்கொண்டு மீதிச் சில்லறையும் வாங்கலாம். ஜெர்மனி தயாரித்த கவச வண்டிகளிலேயே எண்ணிக்கையில் முதலிடம் அந்த ஸ்டுக்குக்குத்தான். உழைத்தது அது, போஸ்டரில் வந்தது இது.

1942 ஆகஸ்டிலிருந்து 1944 ஆகஸ்ட் வரை உருவான டைகர்கள் சுமார் 1,350. மாதத்துக்கு 54. அமெரிக்கா 1942 பிப்ரவரியிலிருந்து 1945 ஜூலை வரை தயாரித்த ஷெர்மன்கள் 49,000-க்கும் மேல். மாதத்துக்குச் சராசரி 1,170. டைகர் தொழிற்சாலை இரண்டு வருஷம் முக்கி முனகிச் செய்ததை ஷெர்மன் தொழிற்சாலைகள் ஐந்து வாரத்தில் முடித்துவிடும். அங்கே செய்தது யார்? கார் கம்பெனிகள், ரயில் எஞ்சின் கம்பெனிகள். டாங்கி பார்த்தே இராதவர்கள். அவர்களாலும் செய்ய முடிகிற மாதிரி வரைந்தார்கள் பாருங்கள், அதற்குப் பெயர்தான் இன்ஜினியரிங். சோவியத் பக்கம் போனால், 1941-க்கும் 1943-க்கும் இடையில் ஒரு டி-34 டாங்கியின் அடக்கவிலையை ஏறக்குறைய பாதியாக்கிவிட்டார்கள். அதுவும் தொழிற்சாலைகளைப் பிரித்து ரயிலில் ஏற்றி யூரல் மலைப்பக்கம் கொண்டுபோய்த் திரும்ப மாட்டிய பிறகு.

சங்க் காஸ்ட் பாடத்துக்கு உதாரணம் வேண்டுமா? டைகருக்கான போட்டியில் போர்ஷேயின் வடிவமும் இருந்தது. ஆர்டர் கையில் வருவதற்கு முன்பே சுமார் 90 உடற்கூடு தயாராகிவிட்டது. ஆர்டர் ஹென்ஷெலுக்குப் போய்விட்டது. செய்ததை என்ன செய்வது? மேலே இன்னும் இரும்பைப் போட்டு ஃபெர்டினாண்ட் என்று பெயர் வைத்து 1943-ல் குர்ஸ்க் சண்டைக்கு அனுப்பினார்கள். போன காசைத் துரத்திக்கொண்டு இன்னும் காசு போனது.

இன்னொன்று, சிம்மரிட். 1943-லிருந்து ஜெர்மன் டாங்கிகளின் மேல் வரிவரியாக ஒரு சாந்து பூசினார்கள். எதிரி காந்தக் கண்ணிவெடியை ஒட்டவைத்துவிடக் கூடாதே என்று. வேடிக்கை என்னவென்றால் காந்த வெடியைப் பெரிய அளவில் பயன்படுத்தியதே ஜெர்மனிதான். தன் ஆயுதத்துக்குத் தானே பயந்து சாந்து பூசி, 1944 செப்டம்பரில் அதுவும் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். மேலே சொன்ன நண்பன் தன் மாடலுக்கு இந்தச் சாந்தைப் புட்டியில் செய்து, ஊக்கு முனையால் வரிவரியாகக் கீறிக்கொண்டு நான்கு சாயங்காலம் உட்கார்ந்திருந்தான். அவன் விரலும் பாவம், அன்றைக்குப் பூசிய தொழிலாளி விரலும் பாவம்.

"ஆனா மச்சி..."

எதிர்க்கட்சி வாதத்தையும் பார்த்துவிடலாம். இல்லாவிட்டால் நான் ஒருதலைப்பட்சம் என்பார்கள்.

வாதம் ஒன்று: "எண்ணிக்கையில் அமெரிக்கா, ரஷ்யாவோடு ஜெர்மனி போட்டி போடவே முடியாது. அதனால் தரத்தில் போட்டி போட்டது. அது சரியான முடிவுதானே?" இருப்பதிலேயே நல்ல வாதம் இதுதான். ஆனால் ஜெர்மனிக்கு உண்மையில் எது பற்றாக்குறை? முக்கியமாகப் பெட்ரோல். பெட்ரோல் இல்லாதவன் 540 லிட்டர் டாங்க் உள்ள 57 டன் வண்டியையா வாங்குவான்? பழுதானால் இழுத்துவர 18 டன் இழுவை வண்டி இரண்டு மூன்று வேண்டும். பல டைகர்களின் கடைசிக் கதை எதிரியின் குண்டில் முடியவில்லை. பழுதாகி, அல்லது பெட்ரோல் தீர்ந்து நின்றுபோய், உள்ளே இருந்தவர்களே வெடி வைத்துத் தகர்த்துவிட்டு நடந்து போனார்கள். தரம் என்றால் வேலை செய்ய வேண்டிய நாளில் வேலை செய்வது. நிற்கிற இடத்தில் நின்றபடி நன்றாகச் சுடுவது மட்டும் இல்லை.

வாதம் இரண்டு: "அஞ்சு ஷெர்மனுக்கு ஒரு டைகர்." நார்மண்டியில் டைகர் பட்டாளங்கள் நின்றது பெரும்பாலும் பிரிட்டிஷ், கனடியப் படைகளுக்கு எதிரே. அமெரிக்க ஷெர்மன்காரர்களில் பலர் டைகர் 1 என்ற ஒன்றை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் பயம் எப்படி வேலை செய்யும் தெரியுமல்லவா? பக்கத்தகடு மாட்டிய பான்சர் 4-ஐப் பார்த்தாலும் "டைகர் வருது". இருட்டில் பார்த்த கயிறு எல்லாம் பாம்பு.

ஷெர்மன் அப்பழுக்கற்றது என்று சொல்லவில்லை. அதன் 75 மில்லிமீட்டர் பீரங்கியால் டைகரின் முன்பக்கத்தில் ஒன்றும் செய்ய முடியாமல் போனது உண்மை. ஆரம்பகால ஷெர்மன்கள் அடிபட்டால் தீப்பிடித்ததும் உண்மை. உள்ளே அடுக்கியிருந்த குண்டுகள்தான் முக்கியக் காரணம். பிறகு குண்டுகளைத் தரைப்பக்கம் திரவம் நிரப்பிய பெட்டிகளில் வைத்தார்கள். எரிவது பெருமளவு குறைந்தது. கவனியுங்கள்: தப்பு தெரிந்தது, திருத்தினார்கள், திருத்தியதை ஆயிரக்கணக்கில் செய்து கடல் தாண்டி அனுப்பினார்கள்.

காகிதத்தில் பெரியது களத்தில் ஜெயிக்கும் என்பவர்களுக்கு நம் ஊர் உதாரணம் ஒன்று. 1965 செப்டம்பர், பஞ்சாபில் அசல் உத்தர். வந்தது பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள், அமெரிக்கச் சரக்கு. எதிரே நின்ற இந்தியப் படையில் சென்டூரியன் இருந்தது, டெக்கான் ஹார்ஸ் ரெஜிமெண்டின் கையில் உலகப் போர்க்காலத்து ஷெர்மனும் இருந்தது. தண்ணீர் பாய்ச்சிய வயல், கரும்புத் தோட்டம், லாட வடிவில் மறைந்து நின்ற டாங்கிகள். ஜீப்பில் பீரங்கி வைத்துச் சுட்ட அப்துல் ஹமீது அங்கேதான் உயிரை விட்டார். சண்டை முடிந்தபோது பிடிபட்ட பாட்டன்களை நிறுத்திவைத்த இடத்துக்கே பாட்டன் நகர் என்று பெயர் வந்துவிட்டது. பழைய ஷெர்மனை அன்று யாரும் பெஸ்ட் டாங்கி என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

என் காஸ்ட் ஷீட்டில் இருந்த ஓட்டை

இதுவரை எழுதியதை வைத்து நண்பனிடம் சண்டை போட்டேன். அவன் கடைசியில் ஒன்று சொன்னான். "சரி, லாபம் நஷ்டம் விடு. ஆனா அந்த வேலைப்பாடு? அதுக்காவது மரியாதை குடுக்கணும்ல? டெக்னாலஜி வேற, அரசியல் வேற."

வீட்டுக்கு வந்து நான் போட்ட காஸ்ட் ஷீட்டைத் திரும்பப் பார்த்தேன். பொருள், கூலி, மேற்செலவு. கூலி என்ற வரியில் பேனா நின்றுவிட்டது.

டைகர் உருவானது காசெல் என்ற ஊரில், ஹென்ஷெல் தொழிற்சாலையில். போர்க்காலத்தில் அங்கே வேலை செய்தவர்களில் ஜெர்மனி பிடித்த நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட கட்டாயத் தொழிலாளர்களும் போர்க்கைதிகளும் இருந்தார்கள். அந்தத் தொழிற்சாலை மட்டும் இல்லை. 1944-ல் ஜெர்மனி முழுவதும் இப்படி வேலை வாங்கப்பட்ட வெளிநாட்டவர்கள் எழுபது லட்சத்துக்கும் மேல். பெரும்பாலோர் விரும்பி வந்தவர்கள் இல்லை. வீட்டிலிருந்து, வயலிலிருந்து, தெருவிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தவர்கள்.

அப்படியானால் 2,50,000 மார்க் என்று நான் பெருமையாக எடுத்துவிட்ட எண் என்ன எண்? திருடிய உழைப்புக்கு யார் விலை போட்டது? இரண்டு வருஷம் காஸ்ட் அக்கவுண்டிங் படித்த எனக்கு, ஒரு கணக்கில் கூலி வரி பொய்யாக இருந்தால் மொத்தக் கணக்கும் பொய் என்று தெரியாதா? தெரியும். கேட்கத்தான் தோன்றவில்லை. டைகர் பக்தனும் கேட்கவில்லை, டைகரைத் திட்டிய நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் கண் டாங்கி மேலேயே இருந்தது.

1943 அக்டோபர் 22 ராத்திரி பிரிட்டிஷ் விமானங்கள் காசெல் மேல் குண்டு போட்டன. ஊரே எரிந்தது. செத்தவர்கள் சுமார் பத்தாயிரம் பேர். இந்த மாடல் தொழிலே பெரிதாக வளர்ந்த ஊர்களில் ஒன்று ஜப்பானின் ஷிசுவோகா. 1945 ஜூனில் அமெரிக்க விமானங்கள் எரித்த ஊர் அது. அங்கே 1946-ல் மரக்கம்பெனியாகத் தொடங்கிய டாமியாதான் பிற்பாடு டாங்கி மாடல்களை உலகமெல்லாம் கொண்டுபோனது. 35-ல் ஒரு பங்கு என்ற அளவுகூட, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும் என்று வந்த அளவுதான். எரிந்த ஊர்க்காரர்கள் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் செய்தார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பொம்மை பொம்மையாக இருக்கும்வரை சரி. பெட்டி மேல் இருக்கும் படத்தைச் சரித்திரம் என்று நம்புகிற நம்மிடம்தான் கோளாறு. அந்தப் படத்தில் டைகர் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். பின்னால் புகை இருக்கும், தூரத்தில் நெருப்பு இருக்கும். ஸ்பேனர் பிடித்தவன் இருக்க மாட்டான். பிடித்துக்கொண்டு வரப்பட்டவன் இருக்க மாட்டான்.

"டெக்னாலஜி வேற, அரசியல் வேற" என்பவனுக்கு என் பதில் இதுதான். நீ டெக்னாலஜியை மட்டும் ரசிக்கவில்லை. மேன்யூவலில் இருக்கும் கோளாறை நீ பார்க்கவில்லை, காஸ்ட் ஷீட்டைப் பார்க்கவில்லை, ரிப்பேர் ரிஜிஸ்டரைப் பார்க்கவில்லை. நீ ரசித்தது பயத்தை. எதிரே நிற்பவன் நடுங்குவானே, அந்த நினைப்பை. கொஞ்ச நாள் முன்புவரை நானும் அதைத்தான் ரசித்தேன். அந்த நடுக்கத்தை விற்றது கோயபல்ஸின் பிரசாரத் துறை. 1944-ல் நார்மண்டியில் சில வண்டிகளை அடித்த மிஷாயேல் விட்மன் என்ற டைகர் கமாண்டரை அன்றே சினிமா ஹீரோ மாதிரி ஆக்கியது அவர்கள். அவர் எஸ்.எஸ். அதிகாரி என்பது ஸ்டிக்கர் தாளில் வெறும் வண்டி எண்ணாக மாறிவிடுகிறது. எண்பது வருஷம் கழித்து நாம் அந்த எண்ணைத் தண்ணீரில் ஊறவைத்து, சுருக்கம் விழாமல் பக்குவமாக ஒட்டிக்கொண்டிருக்கிறோம். விளம்பரம் செய்த கம்பெனி இழுத்து மூடியாகிவிட்டது, விளம்பரம் மட்டும் இன்னும் ஓடுகிறது.

அப்ப தூக்கிப் போட்டுடலாமா?

வேண்டாம். 6,800 ரூபாய்ங்க!

கட்டாதே என்று நான் சொல்லவில்லை. கட்டினால்தான் இதெல்லாம் தெரிகிறது. வீடியோவில் பார்த்தபோது 48 சக்கரம் கம்பீரமாக இருந்தது. கையில் வைத்துக் கோர்த்தபோதுதான் உள்ளே இருக்கும் சக்கரத்தை யார் கழற்றுவது என்ற கேள்வி வந்தது. அதுவும் எனக்கு வரவில்லை, தாத்தாவுக்கு வந்தது. இங்கிலாந்தில் பொவிங்டன் மியூசியத்தில் இன்றும் ஓட்டிக் காட்டுகிறார்களே டைகர் 131, 2014-ல் வந்த ஃப்யூரி படத்தில்கூட நடித்தது, அது எப்படி அங்கே வந்தது? 1943 ஏப்ரலில் துனீசியாவில் ஒரு குண்டு கோபுரத்தின் அடியில் செருகிக்கொண்டு, கோபுரம் திரும்பாமல் போய், ஆட்கள் இறங்கி ஓடிவிட்டார்கள். விட்டுவிட்டுப் போன வண்டிதான் இன்றைக்கு எல்லோரும் கைதட்டுகிற வண்டி.

அதனால் நான் செய்தது இது. பெட்டிப் படத்தில் உள்ள மாதிரி முடிக்கவில்லை. ஒரு பக்கம் சங்கிலிப்பட்டையை அவிழ்த்துத் தரையில் போட்டேன். வெளிச் சக்கரங்களை ஒட்டாமல் வண்டியின் மேல் சாய்த்து வைத்தேன். உள்ளே இருக்கும் ஒரு சக்கரத்தின் விளிம்பைக் கத்தியால் சிதைத்தேன் (மனசு வலித்தது). சேற்றுக்கு, வீட்டு வாசல் மண்ணைச் சலித்துப் பசையில் குழைத்தேன். ஐந்து பேர் சுற்றி நிற்கிறார்கள். ஒருவன் ஜாக்கி போடுகிறான், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். யாரும் யாரையும் சுடவில்லை. அடியில் பலகையில் வழக்கமாக வண்டியின் பெயரும் பட்டாளத்தின் பெயரும் எழுதுவார்கள். நான் "காசெல்லில் கட்டப்பட்டது. கட்டியவர்களின் பெயர் இல்லை" என்று எழுதினேன்.

நண்பன் வந்து பார்த்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நல்ல மாடலைக் கெடுத்து வச்சிருக்கடா" என்றான். போகும்போது மறுபடி ஒருமுறை குனிந்து அந்தப் பலகையைப் படித்தான். படித்தானா, பெயிண்டில் குறை தேடினானா தெரியாது.

தாத்தா பார்த்தார். ஜாக்கி வைத்திருக்கும் இடம் தப்பு என்றார். "அங்க வச்சா வண்டி சரிஞ்சு அவன் கை போயிடும்."

மாற்றி வைத்தேன்.

டிஸ்கி 1: ஸ்டுக், பான்சர் 4 ரசிகர்கள் சந்தோஷப்பட வேண்டாம். கூலி வரிக் கேள்வி உங்கள் வண்டிகளுக்கும் உண்டு.

டிஸ்கி 2: அடுத்தது ஷெர்மன்தான். நம் ஊர்க் கடையில் டைகர் ஒன்பது பெட்டி, ஷெர்மன் ஒரே ஒரு பெட்டி. அதுவும் மூலை நசுங்கியது. டியூஷன் பையன்களின் அப்பாக்கள் இந்த மாதமாவது ஃபீஸை ஒன்றாம் தேதியே கொடுத்துவிட்டால், லீவு முடிவதற்குள் முடித்துவிடுவேன் :-)